வாசகர் கேள்வி – பதில்: ஒரு திகதிக்குள் எத்தனை நாள்?

"வரலாற்றில் இன்று" பலகை பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுப் பாடசாலைகளிலிருந்தும் தோட்ட வாசிகசாலைகளிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பெரும்பாலானவை ஒக்டோபர், நவம்பர் திகதிகளைப் பற்றியவை.

*

கேள்வி: காலைக் கூட்டத்தில் தினமும் "வரலாற்றில் இன்று" வாசிக்கிறோம். ஒக்டோபர் 30க்கு இணையத்தில் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. எதை எடுப்பது, எதை விடுவது?
– ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: முதலில் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். மூன்று நிமிடம் தாண்டினால் வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் காது வேறு பக்கம் போய்விடும். நிறுத்தி, தெளிவாக வாசிக்கும் பிள்ளை நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் வாசிக்கும். ஆக, மொத்தம் 250 சொல். ஒரு நிகழ்வுக்கு ஐம்பது சொல் என்று வைத்தால் நான்கு நிகழ்வு. மிச்சம் முகவுரைக்குச் சரி. ஐந்தாவதை நாளைக்குக்கூட எடுத்து வைக்க முடியாது, அது அடுத்த வருடத்துக்குத்தான். அதனால் தெரிவு முக்கியம்.

மலையகப் பாடசாலை ஒன்றில் ஒக்டோபர் 30 என்றால் முதலில் 1964தான் வரவேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. புதுடில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இந்திய வம்சாவளித் தோட்ட மக்களுள் நாடற்றவர்கள் என்று கணக்கிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்பது முடிவு. அந்த மீதியை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாருடைய வாழ்க்கை பங்குபோடப்பட்டதோ அந்த மக்களின் கையெழுத்து அந்த உடன்பாட்டில் இல்லை. இந்த ஒரு வரியையும் சேர்த்து வாசிக்கச் செய்யுங்கள். எண்கள் மட்டும் பிள்ளைகளின் மனதில் நிற்காது. ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்த குடும்பம் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி தலைமன்னாரில் கப்பல் ஏறியது என்றால் நிற்கும். பல பிள்ளைகளின் வீட்டிலேயே அந்தக் கதை இருக்கும்.

இந்த நிகழ்வை எழுதும்போது வழக்கமாக நேரும் பிழை ஒன்று உண்டு. "1964இல் மக்கள் அனுப்பப்பட்டனர்" என்று எழுதிவிடுகிறார்கள். 1964இல் நடந்தது உடன்பாடு. அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். ஆட்கள் போனது அதன் பின்னர், ஆண்டுக்கணக்காக. ஆகவே "உடன்பாடு எட்டப்பட்டது" என்று மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவது இடம் நம் தீவின் வேறு பகுதிகளுக்கு. 1990ஆம் ஆண்டு இதே திகதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். 1995ஆம் ஆண்டு இதே திகதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். ஒன்றை எடுத்து மற்றதை விட்டால் பிள்ளைகளுக்கு வரலாற்றில் பாதிதான் போய்ச் சேரும்.

மூன்றாவதாக, பட்டியல்களில் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒன்றைச் சொல்கிறோம். 1947 ஒக்டோபர் 30 அன்று ஜெனீவாவில் 23 நாடுகள் தீர்வை மற்றும் வர்த்தகம் பற்றிய பொது உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. இன்றைய உலக வர்த்தக அமைப்பின் வேர் அதுதான். அந்த 23 பெயர்களில் இலங்கையின் பெயரும் இருக்கிறது. சுதந்திரம் கிடைக்க இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்த நேரம்! தேயிலையை உலகச் சந்தைக்கு அனுப்பும் நாட்டுக்கு அந்த மேசையில் ஓர் ஆசனம் இருந்தது என்பது கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய செய்தி.

நான்காவது உங்கள் விருப்பம். மேல் வகுப்பு என்றால் 1961: சோவியத் ஒன்றியம் நோவாயா செம்லியா தீவுகளுக்கு மேலே ஏறத்தாழ 50 மெகாதொன் வலுவுள்ள ஐதரசன் குண்டை வெடித்துப் பார்த்தது. மனிதர் வெடித்தவற்றில் அதுவே பெரியது. சுமார் 27 தொன் எடை. வீசிய விமானம் தப்பிப் போவதற்காகக் குண்டுக்குப் பரசூட் கட்டியிருந்தார்கள். சிறிய வகுப்பு என்றால் 1960: உதைபந்தாட்ட வீரர் மரடோனா பிறந்த நாள். பிள்ளைகள் கைதட்டுவார்கள், தட்டட்டும்.

எடுக்கவேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒன்றும் உண்டு. 1938 ஒக்டோபர் 30 இரவு அமெரிக்காவில், செவ்வாய்க் கிரகத்தார் இறங்கிவிட்டதாகச் செய்தி அறிக்கை பாணியில் ஒரு வானொலி நாடகம் ஒலிபரப்பானது. "நாடே பயந்து தெருவுக்கு ஓடியது" என்று எல்லாப் பட்டியலும் சொல்லும். சிலர் பயந்தது உண்மை. நாடு முழுவதும் பீதி என்பது அடுத்த நாள் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது. ஐம்பது சொல்லில் இந்த விளக்கத்தையும் அடக்க முடியாவிட்டால் விட்டுவிடுவதே நல்லது.

*

கேள்வி: கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவு 2014 ஒக்டோபர் 29 என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது. ஒரு குறிப்பில் 30 என்று பார்த்தேன். வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றில் 28 இரவு என்று போட்டிருக்கிறது. எது சரி?
– தரம் 10 மாணவன், அட்டன்

பதில்: 29 சரி, தம்பி. புதன்கிழமை, காலை ஏழரை மணியளவில். மற்ற இரண்டும் எப்படி வந்தன என்று பார்த்தால் இனி எந்தத் திகதியிலும் நீங்கள் ஏமாறமாட்டீர்கள்.

30 வந்தது பத்திரிகையால். காலையில் நடந்த நிகழ்வு அடுத்த நாள் காலைப் பதிப்பில்தான் முழுமையாக வரும். தாளின் மேலே 30 என்று அச்சாகியிருக்கும். உள்ளே செய்தியில் "நேற்று" என்று இருக்கும். வெட்டி ஒட்டுகிறவர் மேலே உள்ள திகதியை மட்டும் எடுத்துக்கொள்வார். பத்திரிகைத் துண்டு சேர்க்கும்போது தாளின் திகதியை மூலையிலும், நிகழ்ந்த திகதியை நடுவிலும் தனித்தனியாக எழுதுங்கள்.

28 வந்தது நேர வலயத்தால். இங்கே 29ஆம் திகதி காலை 7.30 என்றால் கிரீன்விச் நேரம் அதிகாலை 2 மணி. அந்தப் பருவத்தில் நியூயோர்க் கிரீன்விச்சுக்கு நான்கு மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே அப்போது 28ஆம் திகதி இரவு 10 மணி. அங்கிருந்து எழுதியவர் தம் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். ஒரு நிகழ்வின் திகதி அது நடந்த ஊரின் திகதியே. மீரியபெத்தை மண்ணுக்குள் போன லயன்களின் திகதியை நியூயோர்க் தீர்மானிக்க முடியாது.

உங்கள் குறிப்பில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த மலைச்சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. நிகழ்வு ஒரு நாளில் நடந்தது. அதற்கான காரணம் ஒன்பது ஆண்டு நீளமானது.

*

கேள்வி: மனிதன் சந்திரனில் கால் வைத்தது 1969 ஜூலை 20ஆ, 21ஆ? வினாவிடைப் போட்டியில் 21 என்று சொல்லி எங்கள் அணி புள்ளியை இழந்தது.
– உயர்தர மாணவி, பண்டாரவளை

பதில்: உங்கள் விடை பிழையில்லை. கேள்விதான் அரைகுறையாக இருந்திருக்கிறது. தரையிறங்கு கலம் சந்திரனைத் தொட்டது கிரீன்விச் நேரப்படி 20ஆம் திகதி இரவு 8.17. ஆம்ஸ்ட்ரோங் கால் வைத்தது 21ஆம் திகதி அதிகாலை 2.56. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது 20ஆம் திகதி இரவு 10.56. இலங்கையில் 21ஆம் திகதி காலை 8.26. சந்திரனுக்குச் சொந்தமாக ஊர்த் திகதி இல்லாததால் எந்த நேரப்படி என்று சொல்லியே ஆகவேண்டும். அடுத்த முறை "அமெரிக்க நேரப்படி 20, கிரீன்விச் நேரப்படி 21" என்று விடை சொல்லுங்கள். நடுவர் மறுக்க இடமிருக்காது.

கிரீன்விச் நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றும்போது எல்லா ஆண்டுக்கும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடாதீர்கள். 1996 மே 25 அன்று நம் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு ஆறரை ஆனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அரை மணி குறைத்து ஆறு ஆக்கினார்கள். 2006 ஏப்ரல் 15 அன்றுதான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும், 1942க்கும் 1945க்கும் இடையில், இப்படி மாற்றங்கள் நடந்தன. இதை மறந்தால் என்ன ஆகும்? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கம் கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு கழிந்து 58 நிமிடம், 53 விநாடி. இன்றைய கணக்கில் கூட்டினால் காலை 6.28 வரும், அது இந்திய நேரம். அன்று இலங்கைக் கடிகாரங்கள் காட்டியது 6.58. கடல் எத்தனை மணிக்கு வந்தது என்று கரையோர மக்கள் சொன்னதோடு 6.28ஐ ஒப்பிட்டால் அலை வந்துசேர எடுத்த நேரம் அரை மணி அதிகமாகத் தெரியும்.

இதே போல இன்னொன்று: 1974 ஒக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் முகம்மது அலி ஜோர்ஜ் போர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். போட்டி அங்கே அதிகாலை நான்கு மணியளவில் நடந்தது, நியூயோர்க்கில் அப்போது 29ஆம் திகதி இரவு பத்து மணி. அமெரிக்கக் குறிப்புகளில் 29 என்று கண்டால் குழம்பவேண்டாம்.

*

கேள்வி: ரஷ்யாவின் ஒக்டோபர் புரட்சியை ஏன் நவம்பர் 7இல் நினைவுகூர்ந்தார்கள்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: ரஷ்யா 1918 வரை பழைய யூலியன் நாட்காட்டியில் இருந்தது. உலகின் பெரும்பகுதி கிரெகோரியனில் இருந்தது. இடைவெளி 1582இல் 10 நாள், 1700க்குப் பின் 11, 1800க்குப் பின் 12, 1900க்குப் பின் 13. பழைய கணக்கில் 1917 ஒக்டோபர் 25. பதின்மூன்றைக் கூட்டினால் நவம்பர் 7. அதே கணக்கில்தான் 1905இல் சார் மன்னர் இரண்டாம் நிக்கொலஸ் குடியியல் சுதந்திரங்களை வாக்களித்த பிரகடனம், ரஷ்யாவில் ஒக்டோபர் 17 என்றும் மற்ற நாடுகளில் ஒக்டோபர் 30 என்றும் எழுதப்படுகிறது.

உலகப் புத்தக நாளுக்காக ஏப்ரல் 23 பலகை எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டெசும் "ஒரே நாளில் இறந்தார்கள்" என்று எழுதவேண்டாம். இருவருக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் திகதி ஒன்று, நாட்காட்டி வேறு. இங்கிலாந்து அப்போது பழைய கணக்கில் இருந்ததால் ஷேக்ஸ்பியர் குறைந்தது பத்து நாளுக்குப் பிறகே இறந்தார்.

*

கேள்வி: பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு திகதி சொல்கிறார்கள். எங்கள் வாசிகசாலைப் பலகையில் எந்தத் திகதியைப் போடுவது?
– வாசிகசாலைக் குழு, மஸ்கெலியா

பதில்: ஒரு சட்டத்துக்குக் குறைந்தது நான்கு திகதிகள் இருக்கும். சட்டமூலம் சமர்ப்பிக்கப்பட்ட நாள், நிறைவேறிய நாள், ஒப்புதல் கிடைத்த நாள், நடைமுறைக்கு வந்த நாள். எல்லோரும் சரியான திகதியையே சொல்லியிருக்கலாம், வெவ்வேறு செயலுக்கு. மலையக மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஆகஸ்ட் மாதத்தில் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டு, 1948 நவம்பர் 15, திங்கட்கிழமை நடைமுறைக்கு வந்தது. மக்களின் நிலை மாறியது அந்த நாளில்தான் என்பதால் நவம்பர் 15ஐப் போடுங்கள். வினைச்சொல்லை விடாதீர்கள்: "நடைமுறைக்கு வந்தது". திகதிக்குப் பக்கத்தில் வினை இல்லாத பலகை சண்டையை வளர்க்கும்.

சரிபார்க்க: நூலகம் இணையத்தளத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகள் பலவற்றின் பிரதிகள் இலவசமாக இருக்கின்றன. அங்கே கிடைக்காதவற்றுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். ஒரு தகவலை இரண்டு இடத்தில் பார்த்தேன் என்றால் போதாது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையாக இருக்கக்கூடாது.

*

கேள்வி: என் அப்பா குரோதி வருடம் ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிறந்தார் என்று பாட்டி சொல்வார். ஆங்கிலத் திகதியைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, ஹாலிஎல

பதில்: நான்கு திகதிகள் வரை நெருங்கிவிடலாம். குரோதி என்பது 1964 ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து 1965 ஏப்ரல் நடுப்பகுதி வரை. (குரோதன வேறு, அது 1985–86. பெயர் ஒத்திருப்பதால் பலர் மாற்றி எழுதுகிறார்கள்.) ஐப்பசி ஒக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை. அதற்குள் வரும் வெள்ளிக்கிழமைகள் ஒக்டோபர் 23, 30, நவம்பர் 6, 13.

கிழமையை நீங்களே சரிபார்க்கலாம். 1900களுக்கு: ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அதை நான்கால் வகுத்த ஈவு, மாத எண், திகதி, நான்கையும் கூட்டி ஏழால் வகுங்கள். மீதி 0 என்றால் ஞாயிறு, 1 திங்கள், இப்படி 6 சனி. ஜனவரி முதல் டிசம்பர் வரை மாத எண்கள் 0, 3, 3, 6, 1, 4, 6, 2, 5, 0, 3, 5. லீப் ஆண்டின் ஜனவரி, பெப்ரவரிக்கு மட்டும் கூட்டுத்தொகையில் ஒன்றைக் கழிக்கவேண்டும். பலர் பிழைவிடுவது இங்கேதான். 2000த்துக்குப் பிந்திய ஆண்டுகளுக்கும் ஒன்றைக் கழியுங்கள். 1964 ஒக்டோபர் 30க்கு: 64, 16, 0, 30. கூட்டினால் 110, ஏழால் வகுத்தால் மீதி 5, வெள்ளி.

இனிப் பாட்டியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். தீபாவளிக்கு முன்பா, பின்பா? அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில் வந்ததால், முன்பு என்றால் 23 அல்லது 30. பின்பு என்றால் 6 அல்லது 13. அடுத்தது, என்ன நட்சத்திரம்? நட்சத்திரச் சுற்று 27 நாள் சொச்சம். ஆகவே இந்த நான்கு வெள்ளிகளில் ஒரே நட்சத்திரம் இருமுறை வராது. 1964ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம் ஒன்று கிடைத்தால் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: பிறந்தது விடியுமுன் என்றால் சூரியன் உதிக்கும்வரை முந்தின கிழமை என்றே நம் வீடுகளில் கணக்கு. பாட்டியின் வெள்ளி, கடிகாரத்தின் சனியாக இருக்கலாம்.

பிறப்புப் பத்திரத்தை எடுத்தால் பிறந்த திகதிக் கூட்டைப் பாருங்கள். பதிவு செய்த திகதி வேறு கூட்டில் இருக்கும். தோட்டங்களில் அது வாரக்கணக்கில் பிந்தியிருக்கக்கூடும்.

*

கேள்வி: பலகையில் எழுதி ஒட்டினால் இரண்டு நாளில் பனிக்கு மை கசிந்து, தாள் சுருண்டுவிடுகிறது. என்ன செய்யலாம்?
– மாணவர் தலைவர், கந்தப்பளை

பதில்: நீரில் கரையும் மைப் பேனாவை விட்டு அழியாத மை மார்க்கருக்கு மாறுங்கள். பிரிஸ்டல் போட் ஒரு பக்கம் மட்டும் ஈரத்தை இழுக்கும்போதுதான் சுருளும். ஈரச் சுவரில் நேரே ஒட்டினால் பின்பக்கம் இழுக்கும். ஆகவே பின்னால் ஒரு பலகையோ, தடித்த அட்டையோ வைத்து, சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். மேலே கண்ணாடித் தாள் போடுவதானால் கீழ்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். நான்கு பக்கமும் மூடினால் ஆவி உள்ளேயே நீர்த்துளியாகும். கோதுமை மாப் பசை வேண்டாம், ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று மீற்றர் தூரத்தில் நின்று வாசிக்க எழுத்தின் உயரம் இரண்டரை சென்ரிமீற்றர் வேண்டும், தலைப்புக்கு ஐந்து. கொம்பும் விசிறியும் உள்ள எழுத்துக்கு மேலும் கீழும் இடம் தேவை. வரிகளுக்கிடையே இன்னொரு இரண்டரை விடுங்கள். முழுத்தாள் ஒன்றில் நான்கு நிகழ்வுக்கு மேல் அடங்காது.

*

கேள்வி: ஜனவரி 10க்கு என்ன எழுதலாம்? இப்போதே தயாரிக்க விரும்புகிறோம்.
– இளைஞர் கழகம், நோர்வூட்

பதில்: 1920இல் வெர்சாய் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து சர்வதேச சங்கம் தொடங்கியது. 1946இல் லண்டனில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 51 நாடுகளோடு முதன்முறை கூடியது. 1966இல், 1964 உடன்பாட்டில் கையெழுத்திட்ட அதே சாஸ்திரி, தாஷ்கந்தில் பாகிஸ்தானுடன் உடன்படிக்கை செய்தார்; அன்றிரவு கழிந்து 11ஆம் திகதி அதிகாலையில் இறந்தார், ஆகவே மரணத்தை 10இல் போடாதீர்கள். 1974இல் யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிர்கள் பலியாயின.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, பலகையின் முதல் வரியில்: 1940, புதன்கிழமை. ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயா தோட்டம். சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் தொழிலாளி கோவிந்தன் உயிரிழந்தார்.